வெள்ளச்சியின் கையில் இருந்த கோல்

ஒரு மலைச்சரிவு முழுக்கக் கையை வீசி நிற்கிற பொம்பளையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

வெள்ளச்சி அப்படித்தான் நின்றாள். எந்தக் காலத்திலோ யாரோ மேல்மண்ணை வழித்து, அடியில் கிடந்த வெள்ளைப் பாறையிலேயே அவளை வரைந்துவிட்டுப் போனார்கள். என்ன அழகு! மூன்று ஊர் தள்ளி நின்று பார்த்தாலும் இப்போதுதான் நடக்கக் கிளம்பியவள் போலிருப்பாள். கையில் நீளமாக ஒரு கோல்.

அந்தக் கோலால்தான் வம்பு.

மேலூரில் குடியிருந்த கதை சொல்லும்: "அது தொரட்டி. மழையில்லாத வருஷம் மேகத்தையே வளைச்சு இழுத்து ஆட்டுக்குத் தண்ணி காட்டினவ!"

கீழூரில் குடியிருந்த கதை சிரிக்கும்: "தொரட்டியாம்ல! அது உலக்கைடி. இருட்டை உரல்ல போட்டு இடிச்சு, உமியை ஊதிட்டு வெளிச்சத்தை மொறத்துல அள்ளினவ!"

வருஷாவருஷம் மேலூர்க் கதை ஆட்களைக் கூட்டிவந்து, கோலின் நுனியில் கொக்கி தெரியப் புல்லைச் செதுக்கும். எங்கே கொக்கியை இன்னும் வளைத்துவிடுவார்களோ என்று கீழூர்க் கதையும் ஆட்களோடு ஓடிவரும். வந்த கை சும்மா இருக்குமா? போட்டிக்குப் போட்டி தலை முதல் பாதம்வரை செதுக்கிவிட்டுத்தான் இறங்குவார்கள். வெள்ளச்சி குளிப்பாட்டிவிட்ட பிள்ளை மாதிரி பளிச்சென்று நிற்பாள்.

ஒரு வருஷம் இரண்டு கதைகளும் ராசியாகிவிட்டன. "பொதுவா கோல்னு சொல்லிக்குவோம். எதுக்கு வீண் சண்டை?"

அதோடு சரி. செதுக்க மேலூர்க்காரர்கள் போவார்கள் என்று கீழூர்க்காரர்களும், கீழூர்க்காரர்கள் போவார்கள் என்று மேலூர்க்காரர்களும் வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

மழை பெய்தது. புல் அவள் பாதத்தில் ஏறியது.

"முழங்காலை இன்னிக்கே முடிச்சிடறேன் தாயி," என்றது புல்.

"என்னப்பா இவ்வளவு அவசரம்?"

"தடுக்க ஆளே வரலியே, நான் வளராம என்ன செய்ய?"

இடுப்பும் மறைந்தது. புல் கழுத்தைத் தொட்டதும் வெள்ளச்சிக்கு மூச்சு முட்டியது. இரண்டு கதைகளையும் கூவி அழைத்தாள். ஓடிவந்த இரண்டும் அவளைப் பார்த்துப் பதறிப்போயின.

"அக்கா, உண்மையை நீயே சொல்லிடு. தொரட்டியா, உலக்கையா? நீ சொன்னா ரெண்டு ஊரும் கட்டுப்படும்."

"வரைஞ்சவங்க எங்கிட்ட சொல்லிட்டா போனாங்க? மேகத்தை இழுத்தேன், இருட்டை இடிச்சேன்னு நீங்க சொல்லிச் சொல்லித்தான் என் கை பலமே எனக்குத் தெரிஞ்சுது," என்றாள் வெள்ளச்சி. "வாய்க்குள்ள புல்லு நுழையறதுக்குள்ள ஊருக்கு ஓடுங்க. மறுபடியும் சண்டையை ஆரம்பிங்கடி, என் கண்ணுங்களா!"