உள்ளபடி ஒரு கார்டு வண்டி

நான் எட்டாவதோடு நின்றவள். இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஒன்றை முன்பின்னாகச் சொல்லிவிட்டால் டீச்சர் செய்தது கிறுக்குத்தனமாகத் தெரியும். கிறுக்கு இல்லை.

"டீச்சர், எல்லாருக்கும் எஞ்சின். எனக்கு மட்டும் ஏன் கடைசிப் பெட்டி?"

இதுதான் நான் கேட்டது.

"ஏறுங்க அக்கா" என்றார்.

மெகராஜ் டீச்சர் என்னைவிட இளையவர். செங்கோட்டையில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர்களை வைத்து ரயில் விளையாட்டு செய்துகொண்டிருந்தார். மலை ஏறும் பழைய காலத்துச் சரக்கு ரயில். நாங்கள் அதை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிறவர்கள்.

அந்த வாரம்தான் கடைசியில் கார்டு வண்டியை, ரயில்வே கார்டு தனியாக உட்கார்ந்து வரும் பெட்டியை, சேர்த்திருந்தார்.

"உள்ளே லைட்டுகூட இல்லையே டீச்சர்."

"உள்ளபடி செஞ்சிருக்கேன்."

எதற்கும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். நடுப் பெட்டிகளுக்குப் பிரேக் கிடையாது. எஞ்சினில் ஒன்று, என் பெட்டியில் பிரேக்குக்கு ஒரு கைச்சக்கரம். உள்ளபடி. அந்தச் சக்கரத்துக்காக ஒரு பழைய தையல் மிஷின் சக்கரத்தையே என் மேஜையில் பொருத்தியிருந்தார்.

வண்டி கவிழ்ந்தால் அதில் இருந்தவர் பெயர் விளையாட்டிலிருந்து அழிந்துவிடும். மறுபடி சேர முடியாது.

"செத்தவங்க திரும்பியா வாறாங்க?" என்பார்.

திரையின் மூலையில் என் பெயர் இருந்தது. செசிலி, கார்டு. ரேஷன் கார்டுக்குப் பிறகு என் பெயரை எழுத்தில் பார்த்தது அங்கேதான்.

வண்டி கிளம்பியது. எஞ்சினில், எங்களோடு வேலை பார்க்கும் இன்னாசி. அடுத்த அறையில் உட்கார்ந்து ஹெட்போனில் பேசினான்.

எனக்குக் கை சும்மா இருக்காது. வளைவு வந்தால் சக்கரத்தைத் திருகுவேன். பாலம் வந்தால் திருகுவேன். ஒன்றும் வராவிட்டாலும் திருகுவேன்.

"மதினி, பெட்டியில ஏறியிருக்கீங்களா, இல்ல வாலைப் பிடிச்சு இழுக்கீங்களா?"

டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் சொல்லாம இதைத் தொடாதீங்க."

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏற்றம் கூடியது. குகைக்கு முன்னால் எங்கோ ஒரு சத்தம், அம்மிக்கல் விழுந்த மாதிரி.

"இப்பத்தான் மதினி கையை எடுத்திருக்கீங்க! வண்டி பஞ்சா ஏறுது!"

என் ஜன்னலில் மரங்கள் நின்றன.

பிறகு நகர்ந்தன. எதிர்ப்பக்கமாக.

"ஏலே இன்னாசி, நடுவுல பெட்டிக் கொக்கி அத்துப்போச்சு! நாங்க கீழ போறோம். நிப்பாட்டு!"

"நான் நிப்பாட்டுனா நீங்க நிப்பீங்களா மதினி?"

அவன் சிரிக்கவில்லை.

டீச்சரைப் பார்த்தேன். டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், தொடவா?"

ஆற்றினார்.

"சொல்லுங்க டீச்சர்! கீழ வளைவு இருக்கு, பள்ளம் இருக்கு. என் பேரு போயிரும்!"

டம்ளரை வைத்தார். திரையில் என் பெட்டியின் உட்புறத்தைக் காட்டினார். மர பெஞ்சு. இருட்டு.

"இதுக்குள்ள நான் எங்க இருக்கேன்?" என்றார்.

எழுந்து வெளியே போனார். கதவையும் சாத்திவிட்டார்.

நான் கதவைப் பார்த்தேன். அது திறக்கவில்லை. திரையைப் பார்த்தேன். மரங்கள் கலங்கி ஒரே பச்சையாக ஓடின.

ஹெட்போனில் இன்னாசி ஏதோ கத்தினான். அதைக் கழற்றி வைத்தேன்.

இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தேன். திருகினேன். தோள் வலித்தது. திருகினேன். போதும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. மரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுபடி மரங்களாகி நிற்கும்வரை திருகினேன்.