கரும்பாறையைப் பற்றி அறிஞர் கண்ட முடிவு

மலையடிவாரக் காடு ஒன்றில் பறவைகளும் விலங்குகளும் கூடி ஓர் ஆய்வு மன்றம் நடத்திவந்தன, குழந்தைகளே. மழையையும் ஆற்றையும் ஆராய்வது நாரை. பழங்கதைகளை ஆராய்வது நரி. பாறைகளை ஆராய்வது ஆமை. எவருடைய ஆய்வையும் மதிப்பிட்டு ஏற்பது ஓணானின் பொறுப்பு; தலையசைப்பதில் அதனை வெல்ல ஆளில்லை.

ஒருநாள் முயல் எழுந்து, “ஐயா, ஆற்று வெள்ளம் எதுவரை ஏறும்?” என்று கேட்டது.

நாரைக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அதற்கு இல்லை. ஒற்றைக் காலில் நின்று, கண்களை மூடி, “ஆற்றோரக் கரும்பாறையின் உச்சியைத் தொடாது” என்றது.

சில நாட்களில் நரி தன் ஆய்வுரையை வாசித்தது. “வெள்ளம் கரும்பாறையின் உச்சியைப் பண்டுதொட்டுத் தொட்டதில்லை என்பர் அறிஞர்.” ஓணான் தலையசைத்தது.

பின்னர் ஆமை வாசித்தது. “அவ்வுச்சி நீர் காணாதது என்பது அறிஞர் பலரும் கண்ட முடிவு.” ஓணான் இன்னும் வேகமாகத் தலையசைத்தது.

நாரைக்கு உச்சி குளிர்ந்தது. ‘நான் ஏதோ குத்துமதிப்பாகச் சொன்னேன். அறிஞர் பலரும் தனித்தனியே ஆராய்ந்து அதையே கண்டிருக்கிறார்களே!’

கார்காலம் நெருங்கியது. நாரையின் பேடை முட்டையிடும் பருவம் வந்தது.

“மேட்டிலுள்ள மருத மரத்தில் கூடு கட்டுவோம்” என்றது பேடை.

“அங்கிருந்து மீனுக்கு யார் அலைவது? கரும்பாறை உச்சியிலேயே கட்டுவோம்.”

“வெள்ளம் வந்தால்?”

“வராது என்று ஊரே சொல்கிறது. உனக்குமட்டும் என்ன ஐயம்?”

பாறையின் உச்சியில் முந்தைய மழைக்காலத்துச் சேறும் சருகும் காய்ந்து ஒட்டியிருந்தன. நாரை அவற்றைப் பார்த்தது. ‘காற்று கொண்டுவந்திருக்கும்’ என்று எண்ணி, அவற்றையே அலகால் பெயர்த்துக் கூட்டுக்கு மெத்தையாகப் பரப்பியது.

மழை விடாமல் பெய்தது. ஆறு பாறையின் இடுப்பளவு ஏறியது, பிறகு கழுத்தளவு.

“முட்டைகள்! ஏதாவது செய்யுங்கள்!” என்று பேடை கதறியது.

“பதறாதே. அறிஞர் பலரும் கண்ட முடி...”

அடுத்த அலை கூட்டை முட்டைகளோடு அள்ளிக்கொண்டு போயிற்று.

நனைந்த சிறகுகளோடு நாரையும் பேடையும் மேட்டுக்குப் பறந்தன. அங்கே நரியும் ஆமையும் ஒதுங்கியிருந்தன.

“அடே நரி! வெள்ளம் தொடாது என்று உனக்குச் சொன்ன அறிஞன் எவன்?”

“தாங்கள்தாம் ஐயா.”

“என் பெயரை நீ சொல்லவே இல்லையே!”

“நன்றாயிருக்கிறது! பெரியவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது மரியாதையா?”

நாரை ஆமையின் பக்கம் திரும்பியது. “பலர் என்றாயே, எவர் அந்தப் பலர்?”

“நரியாரும், நரியார் சொன்ன அறிஞரும்” என்று முனகிய ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

நரி தொண்டையைச் செருமியது. “வருந்தாதீர்கள் ஐயா. வெள்ளம் கரும்பாறையை மூழ்கடிக்கும் என்று அடுத்த ஆய்வுரை வாசிக்கப் போகிறேன். தாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.”

நாரை வாய் திறக்குமுன், பேடை அதன் முகத்தையும் பாராமல் தனியே பறந்து போயிற்று.

நீதி: ஊகம் பல வாய்களில் புகுந்து திரும்பினாலும் ஊகமே, அது சான்று ஆகாது.