பாதி விலை நூல்

பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். அரண்மனை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல் சனங்கள் வரி கட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் பருத்திமேடு என்று ஒரு ஊர். அந்த ஊரில் அம்பலவாணர் என்று ஒரு நூல் வியாபாரி.

அவர் கொட்டகை நிறையப் பெண்கள் உட்கார்ந்து ராட்டை சுற்றுவார்கள். சாயங்காலம் ஆனால் நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டித் தராசில் வைப்பார்கள். சிட்டத்துக்கு ஒரு காசு கூலி. எடை போட்ட நூலெல்லாம் ஒரே குவியலாகப் போய்ச் சேரும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பூங்காவனம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. கையை ஊன்றித் தவழ்ந்துதான் கொட்டகைக்கு வருவாள். அவளுக்கு மட்டும் சிட்டத்துக்கு அரைக்காசு.

ராட்டையைக் கையால்தானே சுற்றுகிறாள், காலாலா சுற்றுகிறாள் என்று கேட்கிறீர்களா? அவளும் அதைத்தான் கேட்டாள்.

முதல் தடவை கேட்டபோது, போனால் போகிறதென்று இரக்கப்பட்டு வேலை கொடுத்தேனே, அதற்கு இதுதான் நன்றியா என்றார் அம்பலவாணர். இரண்டாம் தடவை கேட்டபோது, சத்திரத்தில்தான் உனக்குச் சோறு போடுகிறார்களே, முழுக்கூலி எதற்கு என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது, முழுக்கூலி வேண்டுமென்றால் முழுக்காலோடு வா என்றார். பாவி மனுசன், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

அரைக்காசுக்கு அரை வயிறுதான் நிறையும். மீதி வயிற்றுக்குச் சத்திரத்து வாசல். அங்கே மணியக்காரர், கூலி வாங்குகிறவளுக்கு இங்கே என்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் இலையில் சோறு வைப்பார். வியாபாரி சத்திரத்தைக் காட்டினார், சத்திரம் வியாபாரியைக் காட்டியது. பூங்காவனத்துக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் கூலியில், தன் அடுப்பில் பொங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வயிறாரச் சாப்பிட வேண்டும்.

அந்தச் சமயத்தில் நூல் வாங்கத் துறைமுகத்திலிருந்து உதுமான் மரைக்காயர் வந்தார். ஏழு கடல் பார்த்த வியாபாரி. கொட்டகையைச் சுற்றிக் காட்டிய அம்பலவாணருக்குப் பெருமை தாங்கவில்லை. பூங்காவனத்தைக் காட்டி, நடக்கமாட்டாத பெண்ணுக்கும் அரைக்கூலி கொடுத்துக் காப்பாற்றுகிறேன், எல்லாம் ஒரு தர்மம்தான் என்றார்.

பூங்காவனத்தின் ராட்டை நின்றது. வாயைத் திறந்தால் அந்த அரைக்காசும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஐயா, என் நூலுக்குக் கூலி பாதிதான். அப்படியென்றால் அதன் விலையும் பாதியாகத்தானே இருக்கும்? கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றாள் மரைக்காயரிடம்.

அம்பலவாணருக்கு முகம் கறுத்தது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவசரமாக ஒரு பொய் சொன்னார். இவள் நூல் கொஞ்சம் மட்டம், அதனால்தான் பாதிக் கூலி என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

மட்ட நூலுக்கு முழு விலை கொடுக்க நான் என்ன ஏமாளியா என்று மரைக்காயர் கேட்டார். அதைத் தனியாகப் பிரித்து வையும், பிறகு விலை பேசலாம் என்று குவியலுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்பலவாணர் முதலில் கண்ணால் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்து விரலால் தடவினார். ஒவ்வொரு சிட்டமாக உருட்டியும் ஒன்றும் பிடிபடவில்லை. வேர்த்து விறுவிறுத்துப்போய், மூன்றாவதாக அவளையே கேட்டார்.

"உன் நூல் எது? நீயே எடுத்துக் காட்டு."

பூங்காவனம் தவழ்ந்து வந்தாள். ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், வைத்தாள்.

"எனக்கும் தெரியவில்லை ஐயா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது" என்றாள்.

கொட்டகையில் ஒரு ராட்டைகூடச் சுற்றவில்லை. மரைக்காயர் மெல்ல எழுந்தார்.

"பிரிக்க முடியாதென்றால் எனக்கு மொத்தமும் மட்ட நூல்தான், மொத்தத்துக்கும் பாதி விலை. இல்லை, எல்லாம் நல்ல நூல் என்றால் முழு விலை தருகிறேன். எது என்று நீரே சொல்லும்."

எல்லாம் நல்ல நூல்தான் என்று அம்பலவாணர் தன் வாயாலேயே சொன்னார். இத்தனை பேர் கேட்கச் சொன்ன சொல்லை அப்புறம் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

அன்று சாயங்காலம் பூங்காவனத்தின் கையில் சிட்டத்துக்கு ஒரு முழுக்காசு விழுந்தது. அவர் ஒரே நாளில் நல்லவராகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். காசை வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் குறைக்கவில்லை.

அன்றைக்குச் சத்திரத்தில் ஒரு இலை மிச்சமாகக் கிடந்தது. மணியக்காரர் கரண்டியும் கையுமாக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூங்காவனமோ தன் குடிசையில், உலை கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஆகையால் மக்களே, கூலியைச் செய்த வேலையைப் பார்த்து அளக்க வேண்டும், செய்தவரின் உடம்பைப் பார்த்து அளக்கக் கூடாது.