கேட்காமல் குடித்த குவளை

மலையடிவாரத்தில் ஒரு மடம். மணியடித்துப் பூசை போடுகிற மடம் இல்லை. வாசல் நிறையச் செருப்புக் கிடக்கும், உள்ளே கைக்குழந்தைகள் வீறிட்டு அழும். டாக்டருக்குப் படித்துவிட்டுக் காவி கட்டிய ஒருத்தி அங்கே பெண்களுக்கு வைத்தியம் பார்த்தாள். எல்லோரும் அவளை அம்மா என்றார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த கோமதியும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

கோமதி மூத்த சிஷ்யை. புருஷன் செத்த பிறகு வந்து சேர்ந்தவள். அம்மாவுக்குச் சுக்கு வெந்நீர் எந்தச் சூட்டில் வேண்டும், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மடத்துக்கு ஒரே ஒரு விதி. யார் எதைக் கொடுத்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் விழுங்கக் கூடாது. "நானே குடுத்தாலும் கேளு" என்பாள் அம்மா. வருகிற பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுப்பது கோமதியின் வேலை. அதட்டித்தான் சொல்வாள். நன்றாகவும் சொல்வாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ஜெபசீலி வரும்வரை.

நர்சிங் முடித்த சின்னப் பெண். வந்த வாரமே, கோமதி குளித்து வருவதற்குள் சுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டுபோய் வைத்துவிட்டாள். அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்லாயிருக்கே" என்றாள்.

நல்லாயிருக்கே! இத்தனை வருஷம் கோமதி போட்ட வெந்நீருக்கு அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. வரவேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்றியது. அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தாலும் அதே நினைப்பு, படுத்தாலும் அதே நினைப்பு. போதாததற்கு ஜெபசீலி இப்போது 'ஜெபா' ஆகிவிட்டாள். கோமதி கோமதியாகவே இருந்தாள்.

அன்று காலை லேகியத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள் கோமதி. வாசலில் அம்மாவும் ஜெபசீலியும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்று எட்டிப் பார்த்த நேரத்தில் பாகு கருகி உருளி அடிப்பிடித்துவிட்டது. தண்ணீரை ஊற்றி முற்றத்தில் ஊறப்போட்டுவிட்டு, வயிற்றெரிச்சலோடு நோயாளிகளைப் பார்க்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா இசக்கியம்மாள் வரவேண்டும்?

இசக்கிக்கு வயது பத்தொன்பது. இடுப்பில் பல் முளைக்காத குழந்தை. அந்தப் பிரசவத்திலேயே ரத்தம் நிற்காமல் பிழைத்ததே பெரிசு. அடுத்தது இப்போதைக்கு உண்டானால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று அம்மா அப்போதே சொல்லியிருந்தாள். ஆணுறைப் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, புருஷனிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தியவள் கோமதி.

இன்றைக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஓடி வந்தாள். சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை தப்பித்தாள்.

"நான் குடுத்த பாக்கெட் எங்க?"

"அரிசிப் பானைக்குள்ள இருக்குக்கா."

"பிரிச்சியா?"

"இல்லக்கா."

"ஏன்? அவன் முடியாதுன்னானா? அடிச்சானா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. நான் கேக்கவே இல்ல."

"வாய் எங்கடி போச்சு?"

இசக்கி குழந்தையின் காதுமடலைத் தடவிக்கொண்டே நின்றாள். "கேட்டா, 'எம்மேல சந்தேகமா'ம்பாரு. இல்லன்னா 'ஒனக்கு யாரும் இருக்கானா'ம்பாரு. பக்கத்து வீட்லயே அவரு அத்தை மக இருக்கா. மொதல்ல அவளத்தான் பேசியிருந்தாங்க. அவ வேற நேரம் பாத்துக்கிட்டே..."

"அத்தை மகளுக்கும் இதுக்கும் என்னட்டி சம்பந்தம்? உசுரு உன்னோடது. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? உனக்குச் சொன்னதுக்கு அந்த உருளிக்குச் சொல்லியிருக்கலாம். போ. புத்தி வந்தா வா."

இசக்கி பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற வாகை மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கோமதி விறுவிறுவென்று பின்கட்டுக்கு வந்தாள். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யார்? ஜெபசீலிதான். கோமதியின் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். தெரியாதவ தப்புப் பண்ணுதா, சரி. எல்லாம் தெரிஞ்சவ ஏம்மா பண்ணுதா? இந்த இசக்கிக்கு நான் எதைச் சொல்லாம விட்டேன்? கேட்டா அத்தை மக கதையை ஆரம்பிக்கா, போதும்னு நிறுத்திட்டேன்."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். எழுந்து முற்றத்துப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் இரண்டு குவளை. உள்ளே கறுப்பாக ஏதோ தண்ணீர். ஒன்றை ஜெபசீலி முன்னால் வைத்தாள், ஒன்றைக் கோமதி முன்னால்.

"குடிங்க."

முதலில் அவளுக்கு வைத்தாளே என்பதுதான் கோமதிக்கு முதலில் உறைத்தது. விதி நினைவுக்கு வராமல் இல்லை. நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அம்மா என்ன நினைப்பாள்? இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையே என்று நினைக்கமாட்டாளா? நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சின்னக் கழுதை மடக்கென்று குடித்துவிட்டால்?

கோமதி குவளையைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். கரிக் கசப்பு. முகம் சுளிக்காமல் குவளையை வைத்துவிட்டு ஜெபசீலியைப் பார்த்தாள், பார்த்தாயா என்பதுபோல.

ஜெபசீலி தன் குவளையை முகர்ந்தாள். "இது என்னதும்மா? கரிஞ்ச வாடை அடிக்கி."

"அடிப்பிடிச்ச உருளியில ஊறுன தண்ணி."

"ஐயே!" ஜெபசீலி குவளையைத் தள்ளி வைத்தாள்.

கோமதி முந்தானையால் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"விதி உனக்குத் தெரியாதா கோமதி?"

"தெரியும்."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

"பெறகு ஏன் கேக்கல?"

"அதான் அவ கேட்டுட்டாள்ல? அவளையே மெச்சிக்கிடுங்க!"

"அவள எதுக்கு மெச்ச? வந்து ஒரு மாசம் ஆகல. போன்னு சொன்னா பெட்டியத் தூக்கிட்டு அடுத்த பஸ்ஸுல போயிருவா. கேக்குறதுக்கு அவளுக்கு என்ன பயம்?"

"நான் போகமாட்டேம்மா" என்றாள் ஜெபசீலி.

"நீ சும்மா இரு. நான் கோமதியக் கேக்கேன்."

கோமதி தன் பலகையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். பிறகு வேலிக்கு அப்பால் வாகை மரத்தடியைப் பார்த்தாள். இசக்கி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டு வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

"நான் போய் அவகிட்ட என்னம்மா சொல்லட்டும்?"

அம்மா காலிக் குவளையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டு. உள்ள என்ன இருக்குன்னு கேக்காம ஏன் குடிச்சேன்னு சொல்லு. என்கிட்ட சொல்லாத காரணத்தை அவகிட்ட சொல்லு. அத்தை மகளைப் பத்தி அவ பாதியில விட்டா பாரு, அதை மிச்சமும் சொல்லுவா. அப்ப மட்டும் குறுக்க பேசாத."