கத்திப்பிடியில் ஒரு பெயர்

தடய அறிவியல் கூடத்தில் டி.என்.ஏ. பிரிவுக்கு நூர்ஜஹான் மேடம்தான் தலைவர். அவரிடம் தொழில் கற்றவன் தணிகைவேல். கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை.

பழமண்டி முதலாளி ஒருவர் குத்திக் கொல்லப்பட்ட வழக்கு. மண்டியில் மூட்டை தூக்கும் இருளப்பன் சிறையில் இருந்தான். கத்திப்பிடியில் கிடைத்த டி.என்.ஏ. அவனுடையது. வேறு சாட்சி கிடையாது. தணிகைவேல் கோர்ட்டில் சொல்லப்போகும் வார்த்தையை நம்பித்தான் இருளப்பனின் மீதி வாழ்க்கையே இருந்தது.

“மேடம், ‘கத்தியைப் பிடிச்சவன் இவன்தான்’னு அடிச்சுச் சொல்லிடலாமா?”

“அவ்வளவு உறுதியா?”

“பின்னே? உங்க காலத்துல காசு அகலத்துக்கு ரத்தக்கறை வேணும். இப்போ கை பட்டாலே போதும். துளியும் தப்பாது.”

மறுநாள் மேடம் உறையில் போட்ட ஒரு கத்தியை அவனிடம் நீட்டினார்.

“இதையும் பார்த்துட்டு வா. அப்புறம் பேசலாம்.”

தணிகைவேல் உற்சாகமாக வேலையில் இறங்கினான். அந்தக் கூடத்தில் வேலை செய்பவர்களின் டி.என்.ஏ.வும் கணினியில் பதிவாகியிருக்கும். யாராவது கைதவறி மாதிரியைக் கெடுத்தால் உடனே மாட்டிக்கொள்வார்கள். கணினி ஒரு பெயரைக் காட்டியது. அவனுடைய பெயர்.

முகம் வெளுத்துப்போய் ஓடி வந்தான்.

“கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டிருந்தேன் மேடம். சரிபார்க்க எதுவும் சேர்க்காம கூடவே ஓட்டின வெற்று மாதிரியும் சுத்தமா வந்திருக்கு.”

“அப்போ இங்கே எதுவும் கெடலை. உறைக்குள்ள வரும்போதே நீ அதுல இருந்திருக்கே.”

“நான் அந்தக் கத்தியைக் கண்ணால பார்த்ததே இல்லையே!”

“மெஷின் பொய் சொல்லுதா?”

“இல்ல மேடம். என்னுதுதான். ஆனா நான் தொடலை. சத்தியமா தொடலை!” அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

“தெரியும். கை கழுவுற இடத்துல நீ மாட்டி வெச்சிருக்கிற துண்டால நான்தான் அந்தப் பிடியைத் துடைச்சேன்.”

தணிகைவேலுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு மேடம். நல்லவேளை, நீங்க சொன்னீங்க.”

“உனக்குச் சொல்ல நான் இருக்கேன்,” என்றார் மேடம். “இருளப்பனுக்கு யாரு இருக்கா?”