அணில் தின்னாத பழம்

ஒரு காட்டில் மழை பொய்த்துப் போனதால் தின்ன எதுவும் கிடைக்கவில்லை. விலங்குகள் நாவல் மரத்தடியில் கூடின. புதிதாக ஓர் இரையைக் கண்டவர்கள் அதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். தின்று பார்த்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது அந்தக் காட்டின் வழக்கம்.

அணிலின் முறை வந்தது. பாவம், நாளெல்லாம் அலைந்தும் அதற்கு ஒன்றும் அகப்படவில்லை. சும்மா நின்றால் சிரிப்பார்களே! காலையில் இருவாச்சிப் பறவை தன் குஞ்சிடம் சொன்னது அதன் நினைவுக்கு வந்தது.

"பாறையோரம் ஆரஞ்சு நிறப் பழம் உதிர்ந்து கிடக்கிறது. வயிறாரத் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை" என்று அதே சொற்களில் ஒப்பித்தது.

"தின்றது யார்?" என்றது முள்ளம்பன்றி. எதையும் கேட்காமல் விடுகிற பழக்கம் அதற்கு இல்லை.

"நான்தான்!"

"பலே!" என்று எல்லாரும் ஆரவாரித்தார்கள்.

சுண்டெலி ஓடிப்போய் ஒரு பழத்தோடு திரும்பியது. வளையில் அதன் குட்டிகள் பசியோடு கிடந்தன. "அணில் தம்பிக்கும் எனக்கும் ஒரே மாதிரிப் பல். அவன் தின்றால் நானும் தின்னலாம். சதை குட்டிகளுக்கு, கொட்டை எனக்கு" என்று கொட்டையை வாயருகே கொண்டுபோனது.

"இரு, இரு. அணிலே, கொட்டையையுமா கடித்தாய்?" என்றது முள்ளம்பன்றி.

அணில் காலையில் கேட்டதை நினைத்துப் பார்த்தது. கொட்டையைப் பற்றி இருவாச்சி ஒன்றும் சொல்லவில்லையே! சுண்டெலியோ வாயைத் திறந்துவிட்டது.

"வேண்டாம் அக்கா!" அணில் பாய்ந்து கொட்டையைத் தட்டிவிட்டது. "நான் தின்னவே இல்லை. தின்றது இருவாச்சி மாமா!"

அப்போதுதான் கிளையில் வந்து அமர்ந்த இருவாச்சி பதறியது. "ஐயோ, நான் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கக்கிவிடுவேன். கொட்டை விஷமாயிற்றே!"

சுண்டெலி கொட்டையைத் தூர உருட்டிவிட்டது.

முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது. "ஒரு பெயரைச் சொல்ல உனக்கு வாய் வலித்ததா?"

"சொன்னால் நான் ஒன்றுமே செய்யாதவன் ஆகிவிடுவேனே" என்று அணில் விம்மியது.

"யாரடா அப்படிச் சொன்னது? கேட்டதை நினைவில் வைத்து இங்கே கொண்டுவந்தாயே, அது உன் உழைப்பு இல்லையா? என் பெயரையும் சொல்லியிருந்தால் எப்படித் தின்பது என்று என்னையே கேட்டிருப்பார்கள்" என்றது இருவாச்சி.

அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நடுவில் வந்து நின்றது. "பாறையோரம் ஒரு பழம் இருக்கிறது. தின்று பார்த்தது இருவாச்சி. கேட்டுவந்து சொல்வது நான்."

சுண்டெலி கிளையை அண்ணாந்து பார்த்தது. "மாமா, எப்படித் தின்பது?"

நீதி: பிறர் கண்டறிந்ததை எடுத்துச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.