வலப்பக்கத்து நரம்பு

"என் கை கெட்டுப்போச்சும்மா. கழுத்தை எனக்கு முதல்லேருந்து சொல்லிக் கொடு."

சொன்னவர் டாக்டர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தேழு. தைராய்டு கட்டி என்றால் அந்த ஜில்லாவில் அவரை விட்டால் ஆளில்லை என்று பேர் வாங்கியவர். பேர் வாங்கியதில் அவருக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

எதிரே இருந்தவர் ஹமீதா. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியர். ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர், அவரிடமே படித்தவர். "நீ கத்தி பிடிச்சா ஊரே காலி" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் ஆவுடையப்பன் சொல்லப்போகத்தான் ஹமீதா உயிரோடிருப்பவர்களை விட்டுவிட்டு இறந்தவர்கள் பக்கம் வந்து சேர்ந்தார்.

ஆவுடையப்பனுக்கு அது மறந்தே போயிற்று. ஹமீதாவுக்கு மறக்கவில்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார். என்ன ஆச்சு?"

"பிரமுன்னு ஒரு பொம்பள. தெருத்தெருவா கீரை விக்கிறவ. கழுத்துல கட்டி. பயமா இருக்குன்னு அழுதா. ஆயிரம் கழுத்து பாத்தவன் நான், எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், பேசாம படுன்னேன்."

"ம்."

"கட்டி சுத்தமா வந்துட்டு. குரல் போயிட்டு. வாயைத் திறந்தா காத்துதான் வருது."

"குரல் நரம்பைப் பார்த்தீங்களா?"

"அதான் புரியலை. கண்ணுல படவே இல்லை. பாக்காத நரம்பை எப்படிம்மா வெட்டினேன்? கை தன்னால எங்கயோ போயிருக்கு."

நாற்பது நாளாக ஆவுடையப்பன் கத்தியைத் தொடவில்லை. விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கொடுப்பதற்கு முன் கை எங்கே தவறியது என்று மட்டும் தெரிந்துகொண்டு போய்விட நினைத்தார்.

ஹமீதா கேட்டார்: "வலப்பக்கம் அந்த நரம்பு எங்கே இருக்கும் சார்?"

இதற்கா யோசிக்க வேண்டும்? ஆவுடையப்பன் கடகடவென்று சொன்னார்.

"மூளையிலேருந்து ஒரு பெரிய நரம்பு கழுத்து வழியா நெஞ்சுக்கு இறங்குது. வலது கைக்குப் போற ரத்தக்குழாய்கிட்ட வந்ததும் அதுலேருந்து ஒரு கிளை பிரியும். குழாயைச் சுத்தி வளைஞ்சு திரும்ப மேல ஏறும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல ஒரு பள்ளம். அது வழியா வந்து குரல்வளைக்குள்ள நுழையும்."

"எல்லாம் தெரிஞ்சிருக்கே. உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்க?"

ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க," என்றார் ஹமீதா.

*

மாணவர்களுக்கு விடுமுறை. கல்லூரியின் பிண அறுவைக்கூடம் வெறிச்சென்று கிடந்தது. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது.

முதல் மேசையில் ஒரு உடம்பு. ஆவுடையப்பன் போன வேகத்தில் கத்தியை எடுத்தார்.

ஹமீதா உடம்பின் தலைமாட்டில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். முதல் வருஷத்துப் பிள்ளைகள் முதல் நாளே பழகுகிற வழக்கம் அது. ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கத்தியை வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

கும்பிட்டு முடித்துப் பார்த்தால் கத்தியைக் காணோம்.

"கத்தி கிடையாது சார்," என்றார் ஹமீதா. முனை மழுங்கிய இடுக்கி, ஃபோர்செப்ஸ், ஒன்றும் ஒரு உருண்டைப் பஞ்சும் கொடுத்தார்.

இறந்த உடம்பில் எல்லாம் ஒரே நிறம். புத்தகத்துச் சிவப்பும் நீலமும் மஞ்சளும் அங்கே கிடையாது. ஆவுடையப்பன் ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். அழுத்தினால் திரும்ப எழுந்தது தமனி. துவண்டு கிடந்தது சிரை. கெட்டியாக உருண்டது நரம்பு.

அரை மணி நேரத்தில் நிமிர்ந்தார். "இதோ."

பள்ளத்துக்குள், இருக்க வேண்டிய இடத்தில், நரம்பு இருந்தது.

"அடுத்த உடம்பில எங்கே இருக்கும்?"

"இதே இடம்தான்."

"சரி. நாளைக்கு வாங்க."

மறுநாள் இரண்டாவது மேசை. இருபது நிமிஷம். அதே இடம்.

"அடுத்ததுல எங்கே இருக்கும்?"

ஆவுடையப்பனுக்குச் சுர்ரென்று வந்தது. "என்னம்மா இது? நான் என்ன முதல் வருஷத்துப் பையனா?"

"இல்லை சார். அவங்களா இருந்தா எங்கே இருக்கும்னு என்கிட்டயே கேப்பாங்க."

மூன்றாவது மேசையில் ஒரு பெரியவரின் உடம்பு. கால் கட்டைவிரலில் பதினேழு என்று எண் தொங்கியது. நெஞ்சை மாணவர்கள் முன்பே திறந்து படித்திருந்தார்கள். அதன்மேல் ஈரத்துணி போர்த்தியிருந்தது. கழுத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

ஆவுடையப்பன் பள்ளத்தைத் துழாவினார். நரம்பு இல்லை.

இன்னும் கீழே போனார். இல்லை.

அன்று சாயங்காலம் வரை தேடினார். மறுநாளும் தேடினார். மதியச் சாப்பாடு டப்பாவோடு வீட்டுக்குத் திரும்பிப் போனது. மூன்றாம் நாள் கண் இரண்டும் சிவந்து, இடுப்பு விட்டுப்போய், ஃபோர்செப்ஸை மேசையில் போட்டார்.

"இந்த ஆளுக்கு அந்த நரம்பே கிடையாது."

ஹமீதா நெஞ்சின்மேல் கிடந்த துணியை விலக்கினார்.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். பிறகு இன்னும் குனிந்தார்.

வலது கைக்குப் போகிற ரத்தக்குழாய் அதன் இடத்தில் இல்லை. இதயத்திலிருந்து எழும்புகிற பெருந்தமனியில் எல்லாக் கிளைகளுக்கும் கடைசியாக, இடப்பக்கம் தள்ளிப் பிறந்து, உணவுக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்து வலது கைக்குப் போயிருந்தது.

"வளையறதுக்கு இங்க குழாயே இல்லையே," என்றார் தனக்குத்தானே.

"ஆமா."

"குழாய் இல்லைன்னா நரம்பு எதுக்கு இவ்வளவு தூரம் இறங்கணும்?"

ஆவுடையப்பன் பெரிய நரம்பை நெஞ்சில் பிடித்தார். விரலால் தடவிக்கொண்டே மேலே ஏறினார். நெஞ்சைத் தாண்டி, கழுத்துக்கு வந்து, குரல்வளைக்கு நேரே வந்தபோது விரல் தட்டி நின்றது. அங்கேயிருந்து ஒரு கிளை எங்கும் வளையாமல் குறுக்கே நேராகக் குரல்வளைக்குப் போயிற்று. மெல்லிய நார்.

மூன்று நாளாக, இடைஞ்சலாக இருக்கிறதே என்று அவரே ஒதுக்கி ஒதுக்கி விட்ட நார்.

பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரமு கழுத்துலயும் குறுக்கே ஒண்ணு கிடந்துச்சு," என்றார். "பள்ளத்தைப் பாக்க விடாம மறைச்சுது. வெட்டி வழி பண்ணினேன்."

உட்கார்ந்தபடியே கை நீட்டி அந்த நாரைத் தொட்டார்.

"நரம்பைத் தேடுறதுக்காகத்தான் அதை வெட்டினேன்."

ஆவுடையப்பன் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். மனசில் ஒரு ஓரத்தில் நிம்மதி வந்தது. வந்ததற்கு வெட்கமும் வந்தது. ஆனாலும் சொன்னார்.

"அப்ப என் கை கெடலை."

"கெடலை சார்."

"இருநூறு பேருல ஒருத்தருக்கு இப்படி இருக்குமா? நரம்பே தப்பான வழியில வந்தா நான் என்ன பண்ண முடியும்?"

ஹமீதா பெரியவரின் நெஞ்சின்மேல் துணியைத் திரும்ப இழுத்துப் போர்த்தினார். ஓரங்களைச் சரிசெய்தார்.

"இவர் பஸ் கண்டக்டர் சார். சாகிறதுக்கு முன்னால உடம்பை எழுதிக் கொடுத்தவர். மகன் கொண்டுவந்து விடும்போது சொன்னாரு. முப்பது வருஷமா விசில் ஊதினதே இல்லையாம். ஒரு குரல் கொடுத்தா பஸ் நிக்குமாம்."

ஆவுடையப்பன் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தார்.

"தப்பான வழின்னீங்களே," என்றார் ஹமீதா.

ஆவுடையப்பன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பெரியவரின் கால்விரல் சீட்டைத் திருப்பி வைத்தபடியே ஹமீதா கேட்டார்: "குரல்வளைக்குள்ள இரண்டு நாண் இருக்கு. ஒண்ணுக்குப் போற நரம்பு அறுந்துபோச்சு. என்ன ஆகும்?"

"அந்த நாண் அசையாது. இரண்டும் சேராது. நடுவுல காத்து ஒழுகும்."

"மத்த நாண் என்ன செய்யும்?"

"பழக்கினா, தன் பாதியைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். அசையாம கிடக்கிறதைப் போய்த் தொடும். அப்ப திரும்பவும் சத்தம் வரும்."

"எத்தனை நாளாகும்?"

"ஆறு மாசம். சிலருக்கு ஒரு வருஷம்."

"இதைக் கீரைக்கார அம்மாகிட்ட யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நாற்பது நாளுக்கு மேலாக, பிரமு வீடு திரும்பிய பிறகும், அவள் படுத்திருந்த வார்டு பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு வகுப்பு இங்கே இல்லை சார்."

"சரி மேடம்," என்றார் ஆவுடையப்பன். மேடம் என்று எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

*

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஆவுடையப்பன் காத்து நின்ற தெருவில் டிங் டிங் என்று சத்தம் வந்தது.

பிரமு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். முன்பெல்லாம் மூன்று தெரு தள்ளி அவள் குரல் கேட்டால் இங்கே பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். இப்போது வாசலுக்கு வந்தவர்களே இரண்டு பேர்தான்.

ஆவுடையப்பனைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

"எதுக்கு வந்திய?"

காற்றாகத்தான் வந்தது. ஆவுடையப்பன் பக்கத்தில் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

"உன் குரலை நோய் எடுக்கலைம்மா. நான்தான் வெட்டிட்டேன்."

பிரமு அவரை வெறித்துப் பார்த்தாள்.

"வேணும்னா வெட்டினிய?"

"இல்லை. எல்லாம் தெரியும்னு நெனச்சு வெட்டினேன்."

"தானா வந்துரும், தானா வந்துரும்னு சொன்னாவளே ஆஸ்பத்திரியில! நான் சாமிக்கு நேந்துகிட்டுக் கெடக்கேன். நீங்க ஒரு நா எட்டிப் பாத்தியளா?"

கோபத்தில் மூச்சு தீர்ந்து, பாதியில் நின்று, மூச்சை வாங்கி மிச்சத்தைத் திட்டினாள். ஆவுடையப்பன் அசையாமல் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

பிறகு வரைந்து காட்ட ஒரு தாளுக்காகச் சட்டைப்பையைத் துழாவினார். அகப்பட்டது அந்த ஓய்வுக் கடிதம் ஒன்றுதான். அதைப் பிரித்து, வெள்ளைப் பக்கத்தைக் கூடையின் விளிம்பில் வைத்து, இரண்டு கோடு போட்டார்.

"இது உன் தொண்டை. இந்தக் கோடு இனி அசையாது. இந்தக் கோடு நல்லா இருக்கு. பேச்சுப் பயிற்சி வார்டுன்னு ஒண்ணு இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன். பழகப் பழக இது நகர்ந்து போய் அதைத் தொடும்."

"தொட்டா?"

"பழைய குரல் வராதும்மா. ஆனா தெருமுனை வரைக்கும் கேக்கும்."

பிரமு இரண்டு கோட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். நல்ல கோட்டின்மேல் விரலை வைத்து, மெதுவாக மற்றதன்மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"இத நான் வச்சுக்கிடுதேன்."

"அது வந்து, அந்தப் பக்கம் என்னோட…"

அதற்குள் தாள் நாலாக மடிந்து சுருக்குப்பைக்குள் போய்விட்டது.

"தள்ளுங்க. வெயில் ஏறுது," என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் வேறு கடிதம் எழுதவில்லை.

*

எட்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஆவுடையப்பன் வார்டில் நுழைந்தபோது பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு புதுப் பெண் கழுத்தில் கட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பேர் இசக்கி. பிரமுவின் தங்கை. பக்கத்தில் சுருக்குப்பையோடு பிரமு நின்றாள்.

அக்காள் காட்டியிருந்த, இரண்டு கோடு போட்ட கசங்கிய தாளை இசக்கி கையில் வைத்திருந்தாள்.

"ஐயா, எனக்கு அந்த நரம்பு எங்க இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளம் ஆவுடையப்பனின் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாதும்மா," என்றார். "திறந்து தேடணும். கண்ணால பாக்குற வரைக்கும் எதையும் வெட்டமாட்டேன். நாள் முழுக்க ஆனாலும் சரி."

இசக்கிக்கு முகம் வெளுத்துவிட்டது. "தெரியாதுங்காவளே!" என்று அக்காளின் கையைப் பிடித்தாள்.

பிரமு ஆவுடையப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தங்கையின் தலைமாட்டில் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"அப்பம் பயமில்ல. படுட்டி," என்றாள், கரகரவென்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி.